அதிகாலை யாருடையது?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 38 வயது. சென்னையில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். மனைவி வங்கி ஊழியர். ஏழு வயதில் மகள், மூன்று வயதில் மகன். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்ததால் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓடத் தொடங்கினேன். இன்று ஓடாத நாள் எனக்கு நாளாகவே தோன்றுவதில்லை. இரண்டு அரை மாரத்தான் முடித்துவிட்டேன். வரும் ஜனவரியில் முழு மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பது என் இலக்கு. அதற்கு 18 வாரப் பயிற்சி. வார நாட்களில் நான்கு காலைகள் ஒன்றரை மணி நேரம் வீதம் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். நாலு மணிக்குக் கிளம்பினால் குழுவினரோடு காபி குடித்துவிட்டு வீடு திரும்பப் பத்து மணி ஆகும். மதியம் இரண்டரை மணி நேரமாவது தூங்காவிட்டால் உடம்பு தேறுவதில்லை.

யாரையும் தொந்தரவு செய்யாமல், எல்லோரும் உறங்கும் நேரத்தில்தான் ஓடுகிறேன். ஆனாலும் வீட்டில் மனக்கசப்பு. “நீங்கள் ஓடுவதில் எனக்குக் கோபமில்லை, ஓடி வந்து படுத்துக்கொள்வதில்தான் கோபம்” என்கிறாள். குடும்பஸ்தன் தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொள்வது சுயநலமா? குழந்தைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்கிறேன் என்றே நம்புகிறேன். இலக்கை விட்டுவிடுவதா, பிடித்துக்கொள்வதா?

பெயர் வேண்டாம்,
சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் மன்னார்குடியில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டிக்குள், அப்பாவின் சான்றிதழ்களுக்கு அடியில், அந்து அரித்த மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஆகவே இந்தப் பதிலில் உங்களுக்கு உரியதற்கு மேல் கொஞ்சம் கோபம் இருந்தால் அது அப்பாவுக்குச் சேர வேண்டியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுயநலமா என்ற கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். தனக்கென்று ஒன்று இல்லாதவர்களோடு வாழ்வது எளிதல்ல. அவர்கள் பிறருடைய வாழ்க்கையைத் தம் பொழுதுபோக்காக்கிக்கொள்வார்கள். உடல்நலம் பற்றி நீங்கள் எழுதியிருப்பதிலும் எனக்கு வாதமில்லை, ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க 42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் ஓடியாக வேண்டும் என்று எந்த மருத்துவரும் எழுதித் தந்திருக்க மாட்டார். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி என்ற வேகம் உங்கள் ஆசை. ஆசை என்றே அதைச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம். முன்மாதிரி என்பதையும் விட்டுவிடலாம். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிவது அப்பா இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும்தான்.

என்னை நிறுத்தியது வேறொரு வரி. “யாரையும் தொந்தரவு செய்யாமல், எல்லோரும் உறங்கும் நேரத்தில்.” இதை எழுதும்போது உங்களுக்கு ஒரு பெருமிதம் இருந்திருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு நிலத்தைத் திருத்திப் பயிர்செய்த விவசாயியின் பெருமிதம் அது. ஆனால் குழந்தை உள்ள வீட்டில் புறம்போக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பட்டா இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாலு மணிக்கு எழ வேண்டும் என்பதற்காக முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவீர்கள். அதன்பிறகு பாத்திரம் கழுவி, மாவை எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, மகளின் சீருடையைத் தேய்த்து, சின்னவனுக்கு மூன்றாவது முறை தண்ணீர் கொடுத்துத் தூங்கவைப்பவர் யார்? காலையில் நீங்கள் பூனைபோலத்தான் வெளியேறுவீர்கள், சந்தேகமில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் திறந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அவன் எழுந்துகொண்டால் அவனோடு எழுந்துகொள்வது யார் என்பதை உங்கள் கைக்கடிகாரம் பதிவு செய்வதில்லை.

கணக்கு உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வார நாட்களில் ஆறு மணி நேரம், ஞாயிறு ஆறு மணி நேரம், மதியத் தூக்கம் இரண்டரை. வாரத்துக்கு 14.5 மணி நேரம்; 18 வாரங்களுக்கு 261 மணி நேரம். அந்த 261 மணி நேரமும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வானத்திலிருந்து வரவில்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டதாகத் தெரியவந்தது. ஆண்களில் அப்படி ஈடுபட்டவர்களே 100க்கு 26 பேர்தான். நீங்கள் அந்த 26 பேரில் ஒருவராக இருக்கக்கூடும், உங்கள் கடிதத்தில் அந்த அக்கறை தெரிகிறது. ஆனால் ஓடப்போகும் 18 வாரங்களில் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதுதான் உங்கள் மனைவியின் கவலை.

இதில் நான் நீதிபதி அல்ல. என் முதல் சிறுகதைத் தொகுப்பு முழுவதும் அதிகாலைகளில் எழுதப்பட்டது. நானும் அப்போது “யாரையும் தொந்தரவு செய்யாமல்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலைகளில் பால் காய்ச்சி, என் மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் என் மாமியார். தொகுப்பின் முன்னுரையில் அட்டை வரைந்தவர் உட்படப் பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் பெயர் இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

இனி அந்த மஞ்சள் பந்து. என் அப்பா பள்ளி ஆசிரியர், பூப்பந்து ஆட்டக்காரர். இன்றைய நகரத்துக் குழந்தைகளுக்கு இறகுப்பந்துதான் தெரியும், பூப்பந்து வேறு. கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், கூரையில்லாத மண் தரை, அப்பா காலத்தில் 29 புள்ளி ஆட்டம். தஞ்சாவூர் அரண்மனையில் தோன்றியதாகச் சொல்லப்படும் விளையாட்டு என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. அப்பா பள்ளி விட்டதும் நேராக மைதானத்துக்குப் போவார், பந்து கண்ணுக்குத் தெரியாமல் இருட்டிய பிறகே வீடு திரும்புவார். சனி, ஞாயிறு வந்தால் கும்பகோணம், பட்டுக்கோட்டை, திருவாரூர் என்று எங்காவது ஒரு போட்டி. அவர் குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, யாரையும் அடித்ததில்லை. ஊரில் அவரைக் குறைசொல்ல ஒருவரும் இல்லை. இதுதான் அம்மாவின் சிக்கல். கெட்ட பழக்கம் உள்ள கணவனைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லி அழலாம், நல்ல பழக்கம் உள்ள கணவனைப் பற்றி யாரிடம் சொல்வது?

அவருடைய ஆட்ட உடை வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. செம்மண் படிந்த அந்த வெள்ளையை அம்மா கிணற்றடியில் அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியிட்டு உலர்த்துவாள். வாரத்துக்கு நான்கு முறை. பத்தொன்பது ஆண்டுகள் துவைத்தவள் அப்பா ஆடியதை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறாள். அதுவும் என் தம்பிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்று சொல்ல மைதானத்துக்குப் போனபோது. ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்பதுபோல் கையைக் காட்டினார். ஐந்து புள்ளிகள் மீதமிருந்தன. ஐந்தையும் ஆடி முடித்துவிட்டுத்தான் வந்தார். அன்று அவர் அணி வென்றது. அப்பா நல்ல மனிதர் என்பதை நான் இன்றும் மறுக்க மாட்டேன், ஆனால் அந்த ஐந்து புள்ளிகளை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. அம்மா மன்னித்துவிட்டாள் என்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது.

துவைப்பதைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். மாரத்தானை அவர் வாழ்வில் ஓடியது அதுவே முதல் முறை. வெளியே போய் ஓட முடியாத நாளில் அழுக்குத் துணிகளைக் குளியல் தொட்டியில் போட்டு, சோப்பும் தண்ணீரும் விட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பயிற்சியும் முடிந்தது, துணியும் வெளுத்தது. அவர் மனைவி டானாவும் விளையாட்டு வீராங்கனைதான்; ஹெல்சிங்கியில் கணவர் 5,000 மீட்டரில் வென்ற அதே நாளில், சிறிது நேரத்துக்கெல்லாம் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். அந்தத் தொட்டியையும் என் அம்மாவின் துவைகல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமல்ல என்று தெரியும், ஆனாலும் வைத்துப் பார்க்கிறேன்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்பவர் ஒருவர். 41 நாள் விரதம் இருப்பது வீடு முழுவதும். அவர் குளிர்ந்த நீரில் குளித்துச் சரணம் சொல்லும் முன்பே எழுந்து குளித்துவிட்டு அடுப்படிக்குள் போகிறவள் மனைவி. அங்கும் உழைப்பு சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்று: மாலை போடுவதற்கு முன் வீட்டில் கேட்கிறார்கள். இந்த ஆண்டு வேண்டாம், பிரசவம் இருக்கிறது என்று மனைவி சொன்னால் மலைக்குப் போவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் 18 வாரம் 126 நாள், அந்த 41 நாள் மண்டலம் மூன்றுக்கும் அதிகம். பயிற்சித் திட்டத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்வதற்கு முன் வீட்டில் கேட்டீர்களா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். அறிவித்ததாகத்தான் தெரிகிறது, கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் மனைவி சொன்னதை நீங்களே மேற்கோள் குறிக்குள் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஓடாதே என்று சொல்லவே இல்லை. உழைத்துக் களைத்தவர் என்ற பாவனையோடு நீங்கள் மதியம் படுக்கும்போது, ஞாயிறு காலை ஆறு மணி நேரம் இரண்டு குழந்தைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்ட தன் களைப்புக்கு வீட்டில் ஒரு கட்டில்கூட இல்லை என்கிறார். 28 கிலோமீட்டர் ஓடினால் உடம்பு படுக்கையைத் தேடும், உண்மைதான். ஆனால் அந்தக் களைப்பு நீங்களாகத் தேடிக்கொண்டது. அதற்கான விலையையும் நீங்களே கொடுக்க வேண்டும். ஓட்டத்தைவிட அந்தத் தூக்கம்தான் உங்கள் வீட்டில் ஊதாரித்தனம்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா. ஓட்டத்தை விடாதீர்கள். முழு மாரத்தானை மகன் பள்ளிக்குப் போகும் வயது வரும் வரை தள்ளிவைக்கலாம் என்பது என் எண்ணம். 21 கிலோமீட்டருக்கான பயிற்சியில் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம், குழுவினரோடு குடிக்கும் காபியைத் தியாகம் செய்தால். சென்னைப் புழுக்கத்தில் அதற்குமேல் ஓடுவதும் கடினம். இல்லை, இந்த ஜனவரியில்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டால் ஓடுங்கள். ஆனால் நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஞாயிறு காலைக்கும் ஈடாக ஒரு சனிக்கிழமை காலை, ஆறு மணி நேரம், அவருக்கு. அவர் ஓட வேண்டியதில்லை, எங்கே போகிறாய் என்று நீங்கள் கேட்கவும் வேண்டியதில்லை. தூங்கினாலும் சரி.

அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதில் முழங்கால் போய்விட்டது. ஆட்டம் நின்றது. நாலரை மணிக்கே வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காரத் தொடங்கினார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, அம்மா ஐந்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் நான்கு கரைகளையும் சுற்றி நடந்துவிட்டு ஆறரைக்குத் திரும்பினாள். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அப்பா, “எத்தனை சுற்று?” என்று கேட்டார். ஆயுள் முழுவதும் புள்ளி எண்ணியவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்? “எண்ணவில்லை” என்றாள் அம்மா. அதன்பிறகு, கால்கள் ஒத்துழைத்த வரை, மழை நாள் தவிர ஒரு மாலையும் விட்டதில்லை. காபித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று அப்பா தெரிந்துகொண்டது அந்த ஆண்டில்தான்.

வரும் ஞாயிறு ஓடிவிட்டு வந்து, மதியம் படுக்காமல், குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரைத் தூங்கச் சொல்லுங்கள். மாலை வரை உங்கள் உடம்பு என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்த கடிதம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.