பழைய லெப்டொப்பில் எட்டு ட்ராக் பதிய எந்த டிஸ்க் நல்லது?

கல்லடியில் வீட்டிலேயே வடமோடிக் கூத்துப் பாட்டை எட்டு மைக்கில் பதிகிறீர்கள், இடையிடையே பதிவு நின்றுபோகிறது, வெளி டிஸ்க் வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம்.

டிஸ்க்கின் வேகம் உங்களுக்குப் போதும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு ட்ராக்குக்கு நொடிக்கு 144 கிலோபைட்தான். எட்டும் சேர்ந்தால் 1.2 மெகாபைட்டைத் தாண்டாது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் சாதாரண டிஸ்க்கே அதைத் தாங்கும். பெரும்பாலும் சிக்கல், அதே டிஸ்க்கில் விண்டோஸும் ஓடுவதுதான். அப்டேட்டோ வைரஸ் சோதனையோ தொடங்கினால் டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் முனை அங்குமிங்கும் அலையும், ஒலி வரிசையில் காத்துக்கிடக்கும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் தாளத்தை உச்சத்துக்கு ஏற்றும் நேரம் பார்த்து மத்தளத்தில் 'டிக்' என்று ஒரு வெட்டு. அந்த அடி திரும்பக் கிடைக்காது, எனக்கு அதுதான் வலிக்கும்.

உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத டிஸ்க், போடுங்கள். 240 ஜிபி போதும். எட்டு ட்ராக் ஒரு மணித்தியாலத்துக்கு 4 ஜிபிக்குச் சற்றுக் கூடத்தான் வரும். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டுப் பிரதி எடுக்க வைத்திருங்கள். பதியும்போது மட்டும் அதைச் செருகாதீர்கள், மைக்குகளை லெப்டொப்புடன் இணைக்கும் ஒலி இன்டர்பேஸும் யூஎஸ்பியில்தானே இருக்கிறது. வைஃபையையும் நிறுத்திவிட்டு, பதிவு மென்பொருளில் ஒலியைச் சற்றுத் தேக்கிவைக்கும் பஃபரை 512 சாம்பிளுக்கு வையுங்கள்.