சால்வென்ட் வாடை வயித்துப் புள்ளைக்கு ஆகுமா?

கேள்வி: அக்கா, கடலூர் சிப்காட்டுல ஒரு பெயின்ட் கம்பெனில பேக்கிங்ல இருக்கேன், இப்ப வயித்துல ரெண்டு மாசம். நாள் பூரா டொலுவின் (பெயின்ட கரைக்கற சால்வென்ட்) வாடை. சூப்பர்வைசர் மாஸ்க் போட்டுக்கோங்கறாரு. வேலைய விட்டுடவா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அவசரப்படாதம்மா. துணி மாஸ்க் தூசியத்தான் தடுக்கும், ஆவி உள்ள போயிடும், கார்பன் ஃபில்டர் வெச்சது வேணும், ஆனா மசக்கையில அத மாட்டிக்கிட்டு 8 மணி நேரம் நிக்கறது நடக்கற காரியமா? புள்ளைக்கு உறுப்பெல்லாம் உருவாகறது முதல் 3 மாசத்துலதான், டொலுவின நெறைய சுவாசிச்சா கரு கலையற ஆபத்து கூடும், அதனால நாள கடத்தாம டாக்டர்கிட்ட கெமிக்கல் பேரச் சொல்லி லெட்டர் வாங்கி, வேற செக்ஷன் குடுங்கன்னு எழுத்துல கேளு, ஒரு காப்பி கைல இருக்கட்டும். மகப்பேறு லீவுல இருக்கறப்ப வேலைய விட்டு தூக்கறது சட்டப்படி தப்பு. பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா சம்பளத்தோட 26 வாரம் லீவு உண்டு, 2017லேர்ந்து அப்படித்தான். அப்புறம், கம்பெனி டிரஸ்ஸ வீட்டுத் துணியோட சேத்து ஊற வெக்காத.