உலகக் கிண்ணம் இல்லாத நாட்களில் நடக்கும் மகளிர் கிரிக்கெட் சுற்றுப்பயணங்களை யாராவது உண்மையிலேயே பார்க்கிறீர்களா? அப்படி அதில் என்ன இருக்கிறது?

பார்க்கிறோம். மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பேர்: நானும் என் மருமகளும், அதாவது அண்ணன் மகளும். பெத்தாவையும் (பாட்டி) சேர்த்தால் இரண்டரை. அவவுக்கு இலங்கை வீராங்கனை சமரி அத்தபத்துவைத் தவிர ஒருவரையும் தெரியாது. சமரி ஆட்டமிழந்தால் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவா.

நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிண்ணம் இல்லை, அரையிறுதி இல்லை, பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். ஆனால் உலகக் கிண்ணத்தில் இன்று ஒரு அணியிடம் அடி வாங்கினால் அடுத்த ஆட்டம் வேறு அணியோடு. சுற்றுப்பயணத்தில் அப்படித் தப்ப முடியாது. உங்களை அடித்த அதே ஆட்கள் மூன்றாம் நாள் திரும்பவும் எதிரில் நிற்பார்கள். இடையில் கிடைக்கும் அந்த இரண்டு நாளில் ஒரு அணி எதை யோசித்தது என்பது அடுத்த ஆட்டத்தில் தெரிந்துவிடும். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2022 ஜூனில், எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில், ஒரு பெற்றோல் வரிசையில். அந்த மாதம் இந்திய மகளிர் அணி இலங்கைக்கு வந்திருந்தது. மூன்று ரி20 ஆட்டங்களும் தம்புள்ளையில். எங்களுக்குக் கிட்டிய சர்வதேச மைதானம் என்றால் அதுதான். பொலன்னறுவை, ஹபரணை தாண்டினால் வந்துவிடும். மருமகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். ஆனால் வானுக்கு டீசலும் இல்லை, என் ஸ்கூட்டிக்குப் பெற்றோலும் இல்லை. ஜூன் 27, மூன்றாவது ஆட்டம். தொடர் ஏற்கெனவே 2-0 என்று கைவிட்டுப் போயிருந்தது. கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்க, வரிசையில் நின்றபடி போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற தம்பி எட்டிப் பார்த்து, "என்ன மெட்ச் அக்கா?" என்றார். "பெண்கள் மெட்ச், இந்தியாவோட" என்றேன். "ஓ" என்று திரும்பிக்கொண்டார். பத்து நிமிடம் போயிருக்கும். "இப்ப எத்தனை அக்கா?" அதற்குப் பிறகு ஓவருக்கு ஒரு தரம் அவருக்கும், அவருக்குப் பின்னால் நின்ற ஓட்டோக்காரருக்கும் நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

இந்தியா 138. சமரி 48 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 80 ஓட்டங்கள். 17 ஓவரில் இலங்கை வென்றது. பெற்றோல் கிடைக்கவில்லை. இரவு பார்த்தால், நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவிப்பு வந்திருந்தது.

அதற்குப் பிறகு பல்லேகலையில் நடந்த மூன்று ஒருநாள் ஆட்டங்களிலும் தோற்றோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் நாங்கள் 173. ஸ்மிருதி மந்தனாவும் ஷஃபாலி வர்மாவும் விக்கெட்டே விழாமல் அதை முடித்தார்கள். நான் பாதியில் எழும்பி உடுப்புத் தோய்க்கப் போய்விட்டேன். எல்லாத் தொடரும் சுவையாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இனி, நான் சொன்ன அந்த இரண்டு நாள் விஷயம். 2023இல் இலங்கை மகளிர் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஹோவில் முதல் ரி20, மழை விதியில் தோல்வி. இரண்டாவது ஆட்டம் செம்ஸ்ஃபோர்டில்: இங்கிலாந்து மொத்தமாகவே 104, இலங்கைக்கு 8 விக்கெட்டால் வெற்றி. அடுத்து டேர்பியிலும் வென்று தொடர் 2-1. இங்கிலாந்தோடு இலங்கை மகளிர் வென்ற முதல் ரி20 தொடர் அது. அடுத்த ஆண்டு தென்னாபிரிக்கா. பெனோனியில் முதல் ஆட்டத்தில் லோரா வுல்வார்ட் 102 அடித்தார். 79 ஓட்டத்தால் தோல்வி. மருமகள் கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பிறகு பொச்செஃப்ஸ்ட்ரூமில் வெற்றி, ஈஸ்ட் லண்டனில் வெற்றி, திரும்பவும் 2-1. முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு தொடரும் "வழக்கம்போல அடி" என்றுதான் மனதில் நின்றிருக்கும்.

அதே பயணத்தில் ஒருநாள் தொடர். முதல் ஆட்டம் மழையில் போனது, இரண்டாவதில் தோல்வி. மூன்றாவது 2024 ஏப்ரல் 17ஆம் திகதி. சித்திரைப் புத்தாண்டு முடிந்து மூன்று நாள், வீடு நிறையச் சொந்தக்காரர், பயற்றம் பணியாரமும் முறுக்கும் தீர்ந்துகொண்டிருந்த நேரம். "மாமி, 301 அடிச்சிட்டாங்க" என்று மருமகள் வந்து நின்றாள். வுல்வார்ட் மட்டும் 184, ஆட்டமிழக்காமல். அதுவரை மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் 300க்கு மேல் துரத்தி ஒரு அணியும் வென்றதில்லை. "சரி, வை போனை" என்றேன். வைக்கவில்லை.

126க்கு நான்காவது விக்கெட் விழுந்தது. அண்ணன் "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். நாங்கள் பார்த்ததும் படமில்லை, பந்துக்குப் பந்து வந்துகொண்டிருந்த எழுத்துதான். நான்கு, ஒன்று, நான்கு, ஆறு. அடித்தது சமரி. மறுமுனையில் நிலக்ஷிகா சில்வா நங்கூரம் பாய்ச்சியதுபோல நின்றார். அவர் 50, சமரி 139 பந்தில் 195, இருவரும் பிரியாமல் 179 சேர்த்து 44.3 ஓவரில் முடித்துவிட்டார்கள். தொடர் 1-1. மருமகளுக்கு வென்ற சந்தோஷத்தை விடவும் 200 வராத துக்கம்தான் பெரிது. தென்னாபிரிக்கா இன்னும் ஐந்து ஓட்டமாவது கூட அடித்திருக்கலாம் என்று அவர்களைத் திட்டினாள். எதிரணி இன்னும் கூடுதலாக அடிக்கவில்லை என்று கோபித்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். 2025 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் அதைவிடப் பெரிய இலக்குகளைத் துரத்திவிட்டன. இருக்கட்டும்.

இன்னொன்று, உலகக் கிண்ணம் மட்டும் போதும் என்பவர்களுக்கு. அந்தக் கிண்ணத்துக்கு நேரடியாகப் போக வழியும் இந்தத் தொடர்கள்தான். ஐசிசி மகளிர் சம்பியன்ஷிப் என்று புள்ளிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. சுற்றுப்பயணங்களில் நடக்கும் ஒருநாள் ஆட்டங்களின் புள்ளிகள் அதில் சேரும். 2017 முதல் 2020 வரையான சுற்றில் இலங்கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. பிறகு கொரோனா. 2020 மார்ச்சுக்குப் பிறகு ஏறக்குறைய 20 மாதம் அவர்களுக்கு ஒரு சர்வதேச ஆட்டம்கூட இல்லை. சிம்பாப்வேயில் நடந்த தகுதிச் சுற்றும் இடையில் நின்றுபோக, 2022 உலகக் கிண்ணத்துக்கே போகவில்லை. அடுத்த சுற்றில் ஒழுங்காகத் தொடர்கள் கிடைத்தன. ஐந்தாம் இடம் பிடித்து நேரடியாகத் தெரிவானார்கள். அதே சமரி, பெரும்பாலும் அதே ஆட்கள். டெஸ்ட் கதையைக் கேட்டால் இன்னும் கவலை: இலங்கை மகளிர் இதுவரை ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1998இல் பாகிஸ்தானோடு கொழும்பில். வென்றார்கள். அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

எனக்கு இது வெறும் கணக்கில்லை. நான் படித்த காலத்தில் பள்ளியில் எங்களுக்கு எல்லே (கட்டையால் பந்தை அடித்து ஓடும் எங்கள் நாட்டு விளையாட்டு), வலைப்பந்து. கடினபந்துப் பை பையன்களுக்கு மட்டும். வருடத்துக்கு ஒரு தரம் விளையாட்டுப் போட்டியில் எல்லே ஆடுவோம், தோற்றால் அடுத்த வருடம்தான். அடுத்த வாரமே அதே அணியோடு ஆடக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் சில வேளை யோசிப்பேன்.

ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன்: இவ்வளவு பேசும் நான் மைதானத்துக்குப் போனது ஒரே தரம், அதுவும் சுற்றுப்பயண ஆட்டத்துக்கு இல்லை. 2024 ஜூலை 28, ஆசியக் கிண்ண இறுதி, தம்புள்ளை. இந்தியா 165. சமரி 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. கிண்ணம் இலங்கைக்கு. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முந்திய இறுதியில் இதே இந்தியாவோடு 20 ஓவரில் 65 மட்டும் எடுத்த அணி அது. வான் ஆரையம்பதிக்கு வந்து சேரும்போது எனக்கும் மருமகளுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் 2024 தென்னாபிரிக்கத் தொடரிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் 195ஐத்தான் காட்டுவார்கள். அதற்கு முதல் பெனோனி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், 79 ஓட்டத்தால் தோற்றதை.