உருகுவே கால்பந்து அணி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: உருகுவே உலகக் கோப்பையை வென்றது இரண்டே முறை. சட்டையில் ஏன் நான்கு நட்சத்திரம்?

பதில்: 1930, 1950 கோப்பைகளுக்கு இரண்டு. மற்ற இரண்டும் 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தங்கங்களுக்கு. அப்போது உலகக் கோப்பை தொடங்கவே இல்லை. உலகத்து அணிகள் மோதிய பெரிய களம் ஒலிம்பிக்தான். அதனால் அவர்கள் அதையும் கணக்கில் சேர்ப்பது நியாயம் என்பேன்.

கேள்வி: பரம எதிரி யார்? பிரேசிலா, அர்ஜென்டினாவா?

பதில்: அர்ஜென்டினாதான். நடுவே ரியோ டி லா பிளாட்டா ஆறு, இக்கரையில் உருகுவேயின் தலைநகர் மாண்டிவிடியோ, அக்கரையில் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸ். 1928 ஒலிம்பிக் இறுதியில் மோதியதே இவர்கள் இருவரும்தான். முதல் ஆட்டம் டிரா, மறு ஆட்டத்தில் உருகுவே 2-1.

அப்புறம் 1930 உலகக் கோப்பை இறுதி. யார் பந்தில் ஆடுவது என்பதிலேயே தகராறு. கடைசியில் ஆளுக்கொரு பாதி என்று முடிவானது. அர்ஜென்டினாவின் பந்தில் ஆடிய முதல் பாதியில் அவர்கள் 2-1 முன்னிலை. உருகுவேயின் பந்து வந்தபின் ஆட்டம் 4-2 என்று திரும்பியது. நான்காவது கோலை அடித்த எக்டர் காஸ்ட்ரோ சிறுவயது விபத்தில் ஒரு கையை இழந்தவர். தோல்விச் செய்தி வந்ததும் புவெனஸ் அயர்ஸில் உருகுவே துணைத் தூதரகத்தின் மேல் கல்லெறிந்தார்கள்.

இந்தப் பகை பழங்கதை ஆகிவிடவில்லை. 2022-இல் உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினாவை, 2023 நவம்பரில் அவர்கள் ஊர் பொம்பொனேரா மைதானத்திலேயே உருகுவே 2-0 என்று வீழ்த்தியது.

கேள்வி: நடப்புச் சாம்பியனான உருகுவே 1934 உலகக் கோப்பைக்கு ஏன் போகவில்லை?

பதில்: 1930-இல் ஐரோப்பாவிலிருந்து நான்கு அணிகள்தான் கடல் கடந்து வந்தன. அந்தக் கோபம்.

கேள்வி: 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயோடு டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை, எப்படித் தோற்றார்கள்?

பதில்: இரண்டாம் பாதி தொடங்கியதும் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போட, ஆட்டம் நடந்த மரக்கானா மைதானம் அதிர்ந்தது. உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவரிடம் வாதம் செய்தார். கோல் செல்லாதென்று ஆகாது. ஆனால் கூட்டத்தின் வேகம் அடங்கியது. என் பார்வையில் ஆட்டம் திரும்பியது அங்கேதான்.

பிறகு உருகுவேயின் கிஜ்ஜியா வலது ஓரமாக ஓடிப் பந்தைக் கொடுக்க, ஷியாஃபினோ சமன் செய்தார். 79-ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா அதே ஓரத்தில் மறுபடி ஓடிவந்தார். இந்த முறையும் பந்தை உள்ளே தள்ளுவார் என்று பிரேசில் கோல்கீப்பர் பர்போசா எண்ணி ஓரடி விலக, அந்த இடைவெளியில் நேராக அடித்துவிட்டார். பர்போசா அந்தப் பழியைச் சாகும்வரை சுமந்தது பெரிய அநியாயம். பிரேசில் வெள்ளைச் சட்டையைக் கைவிட்டு மஞ்சளுக்கு மாறியதும் இந்தத் தோல்விக்குப் பிறகுதான்.

கேள்வி: 2010 உலகக் கோப்பையில் கானா அடித்த பந்து கோலாகாமல் உருகுவேயின் சுவாரஸ் கையால் தடுத்தது மோசடிதானே?

பதில்: விதிமீறல், சந்தேகமில்லை. அதற்கு சிவப்பு அட்டையும் பெனால்டியும் கிடைத்தன. கானாவின் கியான் அதைக் கம்பத்தில் அடித்தார். தண்டனை கொடுத்தபின் மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். கானா ரசிகர்களின் வலி வேறு, அது நியாயமானது.

கேள்வி: உருகுவேயின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

பதில்: ஆறேழு வயதிலேயே பிள்ளைகள் 'பேபி ஃபுட்போல்' குழுக்களில் சேர்ந்து நாடெங்கும் போட்டி ஆடுகிறார்கள். 2006-இல் வந்த பயிற்சியாளர் தபாரெஸ், இளையோர் அணிகளையும் தேசிய அணியையும் ஒரே திட்டத்தில் கோத்தார். 2010 உலகக் கோப்பையில் நான்காம் இடம், 2011-இல் தென் அமெரிக்க அணிகளின் கோப்பையான கோபா அமெரிக்கா என்று அதன் பலன் வந்தது.