அந்த 40 நிமிடம் எங்கே போனது?

கேள்வி: வயது 44, எடை 72 கிலோ. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறேன். இந்த ஜனவரியில் சென்னையில் முழு மராத்தானை 4 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். முதல் பாதி 1 மணி 59 நிமிடம், அடுத்த பாதி 2 மணி 39 நிமிடம். 30வது கிலோமீட்டருக்கு மேல் பாதி நடைதான். அரை மராத்தானில் என் சிறந்த நேரம் 1 மணி 58 நிமிடம். வாரத்தில் ஆறு நாள் 7 கிலோமீட்டர் ஓடுகிறேன், கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிட வேகம். ஞாயிறு 16 அல்லது 18. ஓய்வு நாள் எடுப்பதில்லை. ஓடும்போது தண்ணீர் மட்டுமே குடிப்பேன். இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி இருப்பதால் சில நாள் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். அடுத்த ஜனவரியில் 4 மணிக்குள் முடிக்க வேண்டும். வேகப் பயிற்சியை இன்னும் கூட்டலாமா? 22 ஆயிரம் ரூபாயில் கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கலாமா? 'யாரை ஜெயிக்க இந்த ஓட்டம்?' என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். வேகம், ஷூ எல்லாம் அப்புறம்.

முன்னெலும்பில் வலிக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் ஓரமாக நீளத்துக்கு வலித்தால், தாங்க முடியாத அளவு ஓடியதால் வந்த வீக்கமாக இருக்கலாம். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுள்ளென்று வலித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் இரவிலும் வலித்தாலோ, எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகும். எப்படியானாலும் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் இனி ஓடவேண்டும். மாத்திரை அந்த எலும்பை ஆற்றுவதில்லை, அது கத்துவது உங்கள் காதில் விழாமல் செய்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. வியர்த்துக் கொட்டும் நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் வகை மாத்திரைகள் அதை மேலும் குறைக்கும். சென்னைப் புழுக்கத்தில் இது விளையாட்டுக் காரியமில்லை.

இனி மராத்தானுக்கு வருகிறேன். வேகப் பயிற்சியைக் கூட்டலாமா என்கிறீர்கள். கூடாது. உங்களுக்கு வேகம் குறையாக இல்லை. நீங்கள் எழுதிய எண்களே அதைச் சொல்கின்றன. அரை மராத்தானை உயிரைக் கொடுத்து ஓடினால் 1 மணி 58 நிமிடம். முழு மராத்தானின் முதல் பாதியை ஓடியது 1 மணி 59 நிமிடத்தில். அதாவது, 21 கிலோமீட்டர் ஓடி முடித்துக் கீழே விழவேண்டிய வேகத்தில் ஓடிவிட்டு, இன்னும் ஒரு 21 கிலோமீட்டரைக் காலிடம் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் பாதியில் போன அந்த 40 நிமிடத்தை நீங்கள் 30வது கிலோமீட்டரில் இழக்கவில்லை. விடியுமுன், உடம்பு இதமாக இருந்தபோது, கூட்டத்தோடு சேர்ந்து ஓடிய அந்த முதல் பத்து கிலோமீட்டரிலேயே இழந்துவிட்டீர்கள்.

கெல்வின் கிப்டம் என்ற கென்ய இளைஞர் 2023 அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அவருடைய முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி. பின்பாதிதான் வேகம். (நான்கே மாதத்தில் சாலை விபத்தில் அந்தப் பிள்ளை போய்விட்டான், வயது 24. இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.) நமக்கும் அவருக்கும் ஒப்பீடு எதற்கு என்பீர்கள். கால் வேகத்தில் ஒப்பீடு இல்லை. ஆனால் கையிருப்பைப் பார்த்துச் செலவழிக்கும் கணக்கு அவருக்கும் நமக்கும் ஒன்றுதான்.

அந்தக் கையிருப்பு என்ன? தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து. அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2,000 கலோரி. ஓடுவதற்குக் கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி ஆகும். 72 கிலோ எடைக்கு 42 கிலோமீட்டர் என்றால் 3,000 கலோரி. மிச்சத்தைக் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மெதுவாக ஓடினால் உடம்பு கொழுப்பைத் தாராளமாக எரிக்கும். வேகம் கூடக்கூட மாவுச்சத்தைத்தான் கேட்கும். நீங்கள் வேகமாகவும் ஓடி, வழியில் எதையும் சாப்பிடாமலும் போயிருக்கிறீர்கள். 30ல் நின்றதில் வியப்பில்லை. நானும் என் முதல் மராத்தானில் 31வது கிலோமீட்டரில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவன். மனவலிமை போதவில்லை என்று பல மாதம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, மனம் சரியாகவே இருந்தது, அடுப்பில்தான் விறகு இல்லை.

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கு நேரம் கணிக்க ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி உங்கள் 1:58க்கு முழு மராத்தான் 4 மணி 6 நிமிடம். 4 மணிக்குள் வர அரை மராத்தான் 1:55க்கு இறங்கவேண்டும். மூன்று நிமிடம்தான் வித்தியாசம். ஆனால் அந்த 4:06 என்பதே நீண்ட தூரத்துக்கு முழுமையாகத் தயாரான உடம்புக்கான கணக்கு. உங்களுக்கும் அதற்கும் நடுவே இன்று 32 நிமிடம் கிடக்கிறது. அதனால் அடுத்த ஜனவரிக்கு என் பரிந்துரை 4 மணி 15 நிமிடம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 3 விநாடி. கேட்க ஏமாற்றமாக இருக்கும், தெரியும். 23 நிமிடம் முன்னேறுவது சின்ன விஷயமில்லை. 4 மணிக்குள் என்பதை அதற்கு அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

இப்போது உங்கள் வாரத்தைப் பார்ப்போம். ஐந்தரை நிமிட வேகத்தில் தினமும் 7 கிலோமீட்டர் என்றால் அது உங்கள் அரை மராத்தான் போட்டி வேகத்தைவிடக் கூடுதல். வாரம் ஆறு முறை போட்டி ஓடுகிறீர்கள்! பிறகு எலும்பு வலிக்காமல் என்ன செய்யும்? நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் உலகத்தரத் தாங்குதிறன் விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோது, அவர்களின் பயிற்சியில் பத்தில் எட்டு பங்கு மிக எளிதான வேகத்தில் இருந்ததைக் கண்டார். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் அது. உங்களுக்குக் கிலோமீட்டருக்கு 6:40லிருந்து 7:15 வரை. தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரிக்கும் திறன் வளர்வதும் அந்த வேகத்தில் நெடுநேரம் ஓடினால் நடப்பவை. இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்காகும். உங்கள் மூச்சு தயாராகிவிட்டது, எலும்பு இன்னும் தயாராகவில்லை.

மெதுவாக ஓடுவது வெட்கமாக இருக்கிறது என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓடிய வேகத்தையும் தூரத்தையும் பகிரும் ஸ்ட்ராவா செயலியில் நண்பர்கள் பார்ப்பார்களே என்று தயங்குகிறார்கள். அந்தக் கூச்சத்துக்காக எத்தனை பேர் காலைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் உண்மையான பயிற்சி நாள். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆக்லாந்து அருகே வைட்டாக்கரே மலைப்பாதையில் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர், தன் மாணவர்களை ஓடவைப்பார். அந்த மாணவர்களில் ஒருவர் பீட்டர் ஸ்நெல். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத போட்டிக்கு 35 கிலோமீட்டர் ஓடிப் பழகினார்கள் என்றால், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடப்போகிற நீங்கள் 18 கிலோமீட்டரோடு நிறுத்துவது எப்படிப் போதும்?

மருத்துவர் சரி என்ற பிறகு, ஆகஸ்டு கடைசியில் தொடங்கினால் ஜனவரிக்கு 18 வாரம் கிடைக்கும். வாரம் ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் முழு ஓய்வு. நான்கு நாள் மெதுவாக, ஒரே ஒரு நாள் வேகம். ஞாயிறு நீண்ட ஓட்டத்தை (லாங் ரன்) 16 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் 2 கிலோமீட்டராகக் கூட்டுங்கள். நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். 28, 30 கிலோமீட்டர் மூன்று முறையாவது வரவேண்டும். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம், உங்கள் காலுக்கு அதற்கு மேல் சேதாரம்தான் அதிகம். சில லாங் ரன்களில் கடைசி 8 கிலோமீட்டரை 6:03ல் ஓடிப் பாருங்கள், களைத்த காலுக்கு அந்த வேகம் பழகவேண்டும். கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே கொண்டுவாருங்கள். அந்த நாட்களில் 'பயிற்சி விட்டுப்போகிறதே' என்று கை பரபரக்கும். விட்டுப்போகாது.

சென்னையில் இன்னொரு தொல்லை உண்டு. ஆகஸ்டு, செப்டம்பர் புழுக்கம். அக்டோபர் பிறந்தால் மழை. புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு எகிறும், அப்போது கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைக் கவனியுங்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் தெரியாது. அன்று ஓட்டத்தை விடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு வாரத்தில் தவறிய தூரத்தை மூன்றாவது வாரத்தில் சேர்த்து ஓடாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

தண்ணீர் மட்டும் குடித்து மராத்தான் ஓடுவதையும் விடவேண்டும். மணிக்கு 30லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். ஓடும்போது பிழிந்து சாப்பிடும் சத்துக்கூழான ஜெல் ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 20, 25 கிராம் இருக்கும். ஒத்துக்கொள்ளவில்லையா, வாழைப்பழம், பேரீச்சை, உப்பும் எலுமிச்சையும் சேர்த்த வெல்லத் தண்ணீர், எதுவானாலும் சரி. ஆனால் லாங் ரன்னில் பலமுறை சாப்பிட்டுப் பழகியதை மட்டும் போட்டியில் சாப்பிடுங்கள். முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள், சோர்வு வந்தபின் சாப்பிட்டால் அது வயிற்றில்தான் கிடக்கும். வழியில் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் அதில் முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

ஷூவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கார்பன் தகடு ஷூவில் 4 சதவீதம் சக்தி மிச்சமாகிறது என்று சோதனையில் கண்டது மணிக்கு 14 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடுகிறவர்களிடம். நீங்கள் ஓடுவது மணிக்கு 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பயன் மிகவும் குறைகிறது. காலில் வலி இருக்கும்போது வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தில் காலுக்குப் பொருந்துகிற சாதாரண ஷூ ஒரு ஜோடி வாங்கிவிட்டு, மிச்சத்தில் பிசியோதெரபி பாருங்கள்.

வீட்டில் கேட்ட கேள்வி. 44 வயதில் ஒரு மனிதர் தன் உடம்பைக் கண்ணியமாக அளந்து பார்த்து, போன ஆண்டைவிட இந்த ஆண்டு தேறியிருக்கிறேன் என்று காட்ட விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி ஓட்டத்தைப் பார்த்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விடியற்காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நொண்டியபடி கிளம்புகிறவரைப் பார்த்து வந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு காலை வீட்டிலிருங்கள். அவர்களோடு உட்கார்ந்து காபி குடியுங்கள்.

ஜனவரியில் ஓடி முடித்ததும் எனக்கு எழுதுங்கள். மொத்த நேரத்தை மட்டும் எழுதவேண்டாம். முதல் பாதி எவ்வளவு, இரண்டாம் பாதி எவ்வளவு என்று இந்தமுறை எழுதியது போலவே பிரித்து எழுதுங்கள். நான் முதலில் பார்க்கப்போவது இரண்டாவது எண்ணைத்தான்.