மலையில் தொழில், வீட்டில் ஆபீஸ்: வரிக் கேள்வி பதில்

குன்னூரில் வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். நீலகிரியில் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு.

கேள்வி: நான் ஆர்க்கிடெக்ட், கோத்தகிரி. 12,000 ரூபாய் வாடகை வீட்டில் ஓர் அறைதான் ஆபீஸ். ஊட்டி, மேட்டுப்பாளையம் சைட்டுகளுக்கு என் காரில் போகிறேன். எவ்வளவு செலவு காட்டலாம் சார்?

பதில்: முதலில் எந்த வழியில் கணக்குக் காட்டுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள் மேடம். ஒன்று 44ஏடிஏ பிரிவு, அதாவது செலவுக் கணக்கு காட்டாமல் உத்தேச லாபத்துக்கு வரி கட்டும் வழி. இதில் போனால் வரவில் பாதியை லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். வரவு 50 லட்சம் வரை இதில் வரலாம், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. மீதிப் பாதியில் வாடகை, பெட்ரோல் எல்லாம் அடங்கிவிட்டது. தனியாக ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது.

உண்மைச் செலவே பாதிக்கு மேல் போகிறது என்றால் கணக்குப் புத்தகம் வையுங்கள். ஆனால் 50 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டி, மொத்த வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டும் வேண்டும்.

புத்தகம் வைத்தால் வாடகையைப் பரப்பளவில் பிரியுங்கள். வீடு 900 சதுர அடி, அறை 180 என்றால் ஐந்தில் ஒரு பங்கு, மாதம் 2,400. கரண்ட் பில்லில் ஹாலில் ஓடும் ஹீட்டரை ஆபீஸ் தலையில் கட்டாதீர்கள்.

காருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற நிர்ணயம் நம் சட்டத்தில் இல்லை. நடந்த செலவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது வண்டி கூடுதலாகக் குடிக்கும், அது பில்லிலேயே தெரியும். ஆனால் பில் மட்டும் போதாது. தேதி, எந்த சைட், யாரைப் பார்க்க என்று அன்றே எழுதுங்கள். பங்க் ரசீதைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை மாதம் முடிவதற்குள் டேஷ்போர்டில் கிடந்த சீட்டு வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. சொந்த ஓட்டத்தின் பங்கைப் பெட்ரோலில் மட்டுமல்ல, காரின் 15 சதவீதத் தேய்மானத்திலும் (வண்டியின் மதிப்புக் குறைவை ஆண்டுதோறும் செலவாகக் காட்டுவது) நீக்கியாக வேண்டும்.

கேள்வி: ஐடி ஃப்ரீலான்சர், குன்னூர். 44ஏடிஏவில் போட்டுவிட்டு, கோவைக்குப் போன டாக்சியைத் தனியாகக் கழிக்கலாமா?

பதில்: முடியாது தம்பி.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர், ஊட்டி. புத்தகம் வைத்திருக்கிறேன். வீடு அம்மா பெயரில். மேல் அறைக்கு அவருக்கு மாதம் 8,000 வாடகை கொடுத்துச் செலவாகக் காட்டலாமா?

பதில்: காட்டலாம். எழுத்தில் ஒப்பந்தம், வங்கி வழியாகப் பணம், அம்மாவின் கணக்கில் அது வாடகை வருமானம். 30 சதவீதம் கழிவு அவருக்கு உண்டு. உறவினருக்குச் சந்தை வாடகைக்கு மேல் கொடுத்தால் அதிகப்படியை அதிகாரி வெட்டலாம்.

(குறுக்கே ஒரு கூடலூர்க்காரர்: அம்மாவோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு வாடகையா? இது ஏமாற்று இல்லையா?)

பணம் உண்மையிலேயே கை மாறி, அம்மா அதற்குக் கணக்கும் காட்டினால் ஏமாற்று எங்கே இருக்கிறது? காகிதத்தில் மட்டும் வாடகை ஓடினால்தான் ஏமாற்று.

(அவரே மறுபடி: அப்படியானால் என் சொந்த வீட்டுக்கு நானே வாடகை எடுக்கலாமே!)

அதுதான் முடியாது. சொந்த வீட்டுக்குக் கற்பனை வாடகை கிடையாது. ஆபீஸ் பகுதிக்கான ரிப்பேர், வீட்டு வரி, காப்பீடு இவற்றின் பங்கு மட்டும் காட்டலாம். மனைவி பெயரில் உங்கள் பணத்தில் வாங்கிய வீடு என்றால், அவருக்குப் போகும் வாடகை திரும்ப உங்கள் வருமானத்தோடுதான் சேரும். தாத்தா பெயரில் பாகம் பிரியாத வீடு என்றால் எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பத்திரத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டிசைன் வேலை செய்கிறேன், கொஞ்சம் தேயிலையும் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகும் ஜீப் செலவு?

பதில்: பச்சை இலை விற்ற பணம் விவசாய வருமானம், மத்திய வரி இல்லை. அதற்கான ஜீப்பை டிசைன் கணக்கில் ஏற்றக் கூடாது. ஒரே நாளில் இரண்டு வேலைக்கும் போனால் நோட்டில் பிரித்து எழுதுங்கள். எழுதாதவரிடம் அதிகாரி எல்லாவற்றையும் தோட்டக் கணக்கில் தள்ளிவிடுவார்.

கேள்வி: சைட் சூப்பர்வைசர். குளிருக்கு வாங்கிய ஜெர்கின்?

பதில்: குளிர் எல்லோருக்கும்தான். சொந்தச் செலவு.

கேள்வி: 44ஏடிஏவில் லேப்டாப் தேய்மானம் மட்டுமாவது தனியாக...

பதில்: இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள். லேப்டாப்பும் அந்தப் பாதிக்குள்தான்.

கேள்வி: டாக்சிக்காரருக்கு ஒரே நாளில் 14,000 ரொக்கம் கொடுத்தேன். புத்தகம் வைத்திருக்கிறேன்.

பதில்: ஒருவருக்கு ஒரு நாளில் 10,000க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தச் செலவு முழுதும் செல்லாது, அதிகப்படியான 4,000 மட்டும் இல்லை. அடுத்த முறை ஜிபே.

கேள்வி (ஊட்டி மொழிபெயர்ப்பாளர் மறுபடி): அம்மா அந்த 8,000ஐ மறுநாளே எனக்குத் திருப்பி அனுப்பினால்?

பதில்: கூடலூர்க்காரர் சொன்னது சரியாகிவிடும்.