ப்ரீசீசன்ல ஹாம்ஸ்ட்ரிங் போச்சு, "ரெண்டு மூணு வாரம்"னு கிளப் சொல்றத நம்பலாமா?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, எங்க டீம் ஸ்ட்ரைக்கர் ப்ரீசீசன் ட்ரெயினிங்ல ஸ்ப்ரிண்ட் ஓடும்போது தொடைக்குப் பின்னாடி கைய வச்சுகிட்டு நின்னுட்டாரு. சின்ன ஹாம்ஸ்ட்ரிங் பிரச்சனை, ரெண்டு மூணு வாரம்னு கிளப் சொல்லிடுச்சு. முதல் லீக் மேட்சுக்கு சரியா மூணு வாரம் இருக்கு. எங்க வாட்ஸ்அப் க்ரூப்ல பாதி பேரு கண்டிப்பா ஆடுவாருங்கறாங்க, மீதி பேரு தீபாவளி வரைக்கும் மறந்துடுங்கறாங்க. எஃப்பிஎல்ல (ப்ரீமியர் லீக் ஃபேன்டஸி கேம்) எடுக்கவா விடவா, எதை வச்சு முடிவு பண்றது?"

முதல் மேட்சுக்கு விட்டுடுங்க தம்பி. தீபாவளி வரைக்கும் மறக்கவும் வேணாம். வாரத்த எண்ணிகிட்டு இருந்தா இந்த சண்டை தீரவே தீராது, அவரு இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்காருன்னு பாருங்க. ஸ்போர்ட்ஸ் பிசியோவா வேலை பாக்குறவன்ங்கற முறைல சொல்றேன், அந்த ஸ்டேஜ வெளிய இருந்தே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம், அதுக்கு உள்ளத் தகவல் எதுவும் தேவையில்ல.

முதல்ல அந்த "ரெண்டு மூணு வாரம்". அது எது வரைக்குமான கணக்குன்னு கிளப் சொல்றதே இல்ல. டாக்டர் மனசுல இருக்குறது தசை ஆறுற நேரம், இல்லன்னா டீம் கூட ட்ரெயினிங்ல சேர்ற நாள். நம்ம காதுல விழறது மேட்ச் நாள். நடுவுல இருக்குற இடைவெளி சின்னது கிடையாது. 2024 ஜூலை 27 ஞாபகம் இருக்கா, லாஸ் ஏஞ்சல்ஸ் சோஃபை ஸ்டேடியத்துல மான்செஸ்டர் யுனைடெட் ஆர்சனல் கூட ஆடுன ஃப்ரெண்ட்லி. யுனைடெட் ஸ்ட்ரைக்கர் ஹொய்லுண்ட் கோல் போட்டுட்டு கொஞ்ச நேரத்துலயே ஹாம்ஸ்ட்ரிங்னு வெளிய போனாரு, லில்லில இருந்து அப்பத்தான் வாங்கிட்டு வந்த 18 வயசு லெனி யோரோவுக்கு அதே மேட்ச்ல பாத எலும்பு உடைஞ்சுது. ஹொய்லுண்டுக்கு ஆறு வாரம், யோரோவுக்கு மூணு மாசம்னு சொன்னாங்க. ஹொய்லுண்ட் மறுபடி ஆட வந்தது செப்டம்பர் பின்பாதில. ஆபரேஷன் பண்ணிகிட்ட யோரோ யுனைடெட்டுக்காக முதல் தடவையா ஆடுனது டிசம்பர் 4, அதுவும் சப்பா (மாற்று ஆளா). யாரும் பொய் சொல்லல, சொன்ன கணக்கு வேற நாம கேட்டுகிட்ட கணக்கு வேற, அவ்வளவுதான்.

இன்னொன்னு, மேட்ச் முடிஞ்ச கையோட மேனேஜர் "பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன்"னு சொல்வாரு பாருங்க, அதுக்கு எந்த மதிப்பும் குடுக்காதீங்க. அவருக்கே அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாது. தசைக்காயத்துக்கு எம்ஆர்ஐ பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் எடுப்பாங்க, அப்பத்தான் படம் தெளிவா தெரியும். அதனால ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்ற அறிவிப்புதான் முதல் உண்மையான நியூஸ், அதுக்கு முன்னாடி க்ரூப்ல சண்டை போடறது எல்லாமே வேஸ்ட்.

சரி, ஹாம்ஸ்ட்ரிங் ஏன் ப்ரீசீசன்ல இப்படி போகுது? தொடைக்குப் பின்னாடி மூணு தசை இருக்கு, அதுல வெளிப்பக்கம் இருக்குறதுதான் ஓட்டத்துல அதிகமா கிழியும். ஒரு ப்ளேயர் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல ஓடும்போது முன்னாடி வீசுன கால் தரைய தொடறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு நொடி இருக்கு, அந்த நொடியில இந்த தசை நீண்டுகிட்டே போகணும், அதே சமயம் முழங்காலுக்குக் கீழ இருக்குற கால பிரேக் போட்டு புடிக்கவும் செய்யணும், ரெண்டும் ஒண்ணா. கிழியறது அங்கதான். லீவுல கூட எல்லாரும் ஓடத்தான் செய்றாங்க, பீச்ல ஜாகிங் பண்ற வீடியோ எல்லாம் நாமளும் பாக்குறோம், ஆனா முழு வேகத்துல ஓடறதுக்கு ஜாகிங் எந்த விதத்துலயும் ஈடாகாது. மூணு நாலு வாரம் அந்த வேகத்தையே தொடாத தசைய கூட்டிட்டு வந்து காலைல ஒரு செஷன் சாயந்தரம் ஒரு செஷன்னு குடுத்து, நடுவுல அமெரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ ஃப்ளைட் ஏத்தி, பழக்கமில்லாத பிட்ச்ல ஃப்ரெண்ட்லி ஆட விட்டா அது என்ன பண்ணும். ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஏஃபா 2001ல இருந்து பெரிய கிளப்புகள்ல காயக் கணக்கு எடுத்துட்டு வருது, அதுல மொத்த காயத்துல ஹாம்ஸ்ட்ரிங் பங்கு ஆரம்பத்துல 12 சதவீதம், 2021-22 சீசன்ல 24. அதாவது டபுள்.

அதே ஆய்வுல இன்னொரு நம்பர் இருக்கு, உங்க கேள்விக்கு அதுதான் ரொம்ப முக்கியம். ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள்ல 18 சதவீதம் திரும்பி வர்ற காயம், அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆள் திரும்பி வந்த ரெண்டு மாசத்துக்குள்ளயே நடந்திருக்கு. ஆக உங்க ஸ்ட்ரைக்கர் மூணாவது வாரம் இறங்குனாலும் ஆபத்து முடிஞ்சிடல, அங்கதான் ஆரம்பிக்குது. இத தெரிஞ்ச மெடிக்கல் டீம் முதல் மேட்ச்ல அவர 90 நிமிஷம் விடவே விடாது.

எம்ஆர்ஐல கிழிஞ்சது வெறும் தசை நாரா இல்ல தசைக்குள்ள ஓடற தசைநாணா, அதாவது டெண்டனான்னு பாப்பாங்க, விஷயமே அதுலதான் இருக்கு. நார் மட்டும்னா ரெண்டு மூணு வாரம்ங்கறது நியாயமான பேச்சு. தசைநாண் வரைக்கும் போயிருந்தா அது மாசக்கணக்கு. வலி சீக்கிரம் போயிடும், நடப்பாரு, படி ஏறுவாரு, ஆனா உள்ள இருக்குற அந்த நாண் முழு வேகத்துக்கு ரெடியா இருக்காது. கிளப் ரெண்டையுமே "ஹாம்ஸ்ட்ரிங்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடும். "ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டுறோம்"னோ "இன்னொரு ஒப்பீனியன் வாங்குறோம்"னோ அறிவிப்பு வந்தா மட்டும் உஷார் ஆயிடுங்க.

இப்ப ஸ்டேஜுக்கு வருவோம். எல்லா கிளப்பும் ப்ரீசீசன்ல தினமும் ட்ரெயினிங் வீடியோ போடறாங்க இல்லயா, அத கோல், ஸ்கில்லுக்காக பாக்காம ஆளுக்காக பாருங்க. ஜிம்ல சைக்கிள் மிதிக்கிற போட்டோ வந்தா அது ஆரம்ப ஸ்டேஜ், அதுல சந்தோஷப்பட ஒண்ணும் இல்ல. அடுத்து மைதானத்து ஓரத்துல ஒரு ஸ்டாஃப் கூட தனியா ஓடுவாரு, அப்ப கால பாருங்க, ரன்னிங் ஷூவா ஸ்டட்ஸ் பூட்ஸான்னு. ரன்னிங் ஷூன்னா நேர் ஓட்டம் மட்டும்தான் பெரும்பாலும், ஸ்டட்ஸ் போட்டுட்டா திரும்பறது நிக்கிறது எல்லாம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் டீமோட சேருவாரு, ஆனா ரோண்டோல (பால் பறிக்கவிடாம பாஸ் பண்ற பயிற்சி) நடுவுல எந்த பக்கமும் சேராத ஆளா நிக்க வைப்பாங்க, பால் யாருகிட்ட இருக்கோ அவங்க பக்கம் பாஸ் குடுத்து வாங்குவாரு, அவர யாரும் டேக்கிள் பண்ண மாட்டாங்க. வீடியோல அவரு சிரிச்சுகிட்டு பாஸ் போடறத பாத்துட்டு "வந்துட்டான்டா தலைவன்"னு க்ரூப்ல போடுவாங்க பாருங்க, அது இந்த ஸ்டேஜ்தான். முழுசா திரும்பி வர இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம்.

கடைசி ஸ்டேஜ்ல அவரு சின்ன மைதான மேட்ச்ல எல்லார் கூடவும் மோதி ஆடுவாரு, முழு வேகத்துல ஓடி சடார்னு நிப்பாரு. அந்த நிக்கிற இடத்த ரெண்டு மூணு தடவ ஓட்டி பாருங்க. அடிபட்ட கால்ல வெயிட் போட்டு நிக்கிறாரா, இல்ல குட்டி குட்டி ஸ்டெப் வச்சு வேகத்த குறைக்கிறாரா? குட்டி ஸ்டெப்னா உடம்பு இன்னும் அந்த கால நம்பலைன்னு அர்த்தம். இதெல்லாம் உள்ள பிசியோவுக்கு நம்பரா தெரியும், தோள்பட்டை நடுவுல மாட்டுற ஜிபிஎஸ்ல அவரோட பழைய டாப் ஸ்பீடுக்கு எவ்வளவு பக்கத்துல வந்திருக்காருன்னு வந்துடும். நமக்கு அந்த நம்பர் கிடைக்காது, ஆனா கண்ணு இருக்கே.

ஃப்ரெண்ட்லி ஆடலையேன்னு பயப்படாதீங்க, ட்ரெயினிங்லயும் இல்லன்னாதான் பயப்படணும். ப்ரீசீசன்ல அதிகமா ட்ரெயினிங் பண்ண டீமுக்கு சீசன்ல காயத்தால ஆள் போறது குறைவுன்னு யூஏஃபா ஆய்வுக்காரங்க தனியாவே எழுதியிருக்காங்க. அப்ப அந்த மூணு வாரத்த இழந்தவரு ஆகஸ்ட்ல குணமானாலும் அடித்தளம் போடாமதான் சீசனுக்குள்ள வர்றாரு. "லேசான அடி", "முன்னெச்சரிக்கை", "லோட் மேனேஜ்மென்ட்" எல்லாம் ஒரு வாரத்துக்குள்ள ட்ரெயினிங் வீடியோல ஆள் தெரிஞ்சா உண்மை, பத்து நாள் தாண்டுனா வேற ஏதோ இருக்கு.

முட்டி மேட்டர் இதுல சேராது. 2025 ஆகஸ்ட்ல செல்சி லீவி கோல்வில்லுக்கு ப்ரீசீசன் ட்ரெயினிங் ஆரம்பத்துலயே ஏசிஎல் (முட்டிக்குள்ள இருக்குற முக்கியமான லிகமென்ட்) போச்சு, அந்த டீம் ஜூலை 13 வரைக்கும் கிளப் வேர்ல்ட் கப் ஆடிட்டு சரியா மூச்சு விடாம திரும்பி வந்த டீம். அதே ஆகஸ்ட் 3, சியோல்ல நியூகாசில் கூட ஃப்ரெண்ட்லி, டாட்டன்ஹாம் ஆளு மேடிசன் சப்பா இறங்கி அதே பழைய முட்டில அடிபட்டு ஸ்ட்ரெட்சர்ல போனாரு. ஏசிஎல் ஆபரேஷன்னா குறைஞ்சது ஒன்பது மாசம், அதுக்கு முன்னாடி திரும்பி வந்தா மறுபடி போற ஆபத்து நல்லாவே கூடுது. பெரிய காயத்துக்குப் பின்னாடி வால் மாதிரி இன்னும் ரெண்டு காயம் வரும். 2023 ஆகஸ்ட்ல சிகாகோல டார்ட்மண்ட் கூட ஆடும்போது முட்டில அடிபட்ட என்குங்கு செல்சிக்கு இறங்குனதே டிசம்பர்ல, அப்புறம் இடுப்பு, அப்புறம் ஹாம்ஸ்ட்ரிங். அதே 2023 ஆகஸ்ட்ல ஏசிஎல் போன ரியல் மாட்ரிட் கோல்கீப்பர் கோர்ட்டுவா மார்ச்ல திரும்பி வர்ற நேரத்துல இன்னொரு முட்டில மெனிஸ்கஸ் (உள்ள இருக்குற குருத்தெலும்பு) கிழிஞ்சு, மே மாசம்தான் வந்தாரு, வந்து சாம்பியன்ஸ் லீக் ஃபைனலே ஆடுனாரு. இவங்கள எல்லாம் "கண்ணாடி"ன்னு எழுதறத பாத்தா எனக்கு உண்மையிலயே கோவம் வருது தம்பி. ஒரு ஆளு ஒன்பது மாசம் தினமும் காலைல வந்து ஒரே எக்ஸர்சைஸ வலியோட செய்றத பக்கத்துல இருந்து பாத்தா அந்த வார்த்தை வாயில வராது, உங்க க்ரூப்ல யாராவது எழுதுனா நீங்களாவது சொல்லுங்க.

இப்ப எஃப்பிஎல். முதல் டெட்லைன் வரைக்கும் எத்தன தடவ வேணா ஆள மாத்தலாம், அதனால அவசரமே இல்ல. அவரு விலைக்கு சமமான இன்னொரு ஃபார்வர்ட இப்பவே போட்டு வைங்க, பின்னாடி ஒரே டிரான்ஸ்ஃபர்ல அந்த ஆள தூக்கிட்டு உங்க ஸ்ட்ரைக்கர உள்ள கொண்டு வரலாம். டெட்லைன் முதல் மேட்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி, மேனேஜர் ப்ரெஸ் கான்ஃபரன்ஸ் அதுக்கு முன்னாடியே வந்தா கேட்டுடுங்க. "ட்ரெயினிங்ல இருக்காரு"ங்கறது பத்தாது, எத்தன நாளா முழு டீமோட இருக்காருன்னு சொல்றாரான்னு கவனிங்க. ஆப்ல, ஆடுவாரான்னு சந்தேகம் இருக்குறத காட்டுற மஞ்சக் கொடில 75 சதவீதம்னு போட்டிருந்தா அது இறங்குவாரான்னு மட்டும்தான் சொல்லுது, எத்தன நிமிஷம்னு சொல்லாது, 15 நிமிஷம் சப்பா வந்தா உங்களுக்கு ஒரு பாயின்ட்தான்.

என் கணக்கு இதுதான்: ஒரு மேட்ச்ல 60 நிமிஷம் ஆடி, அடுத்த நாலஞ்சு நாள்ல ட்ரெயினிங் மிஸ் பண்ணாம, அடுத்த மேட்சையும் ஸ்டார்ட் பண்ணாருன்னா அன்னைக்கு வாங்குங்க. சின்ன கிழிசலா இருந்தா மூணாவது நாலாவது கேம்வீக்ல அது நடக்கும். அப்பவும் முதல் ரெண்டு மாசம் கேப்டன்ஷிப்ப (பாயின்ட் டபுளாகுற இடம்) மட்டும் அவருக்கு குடுக்காதீங்க, பெஞ்ச்ல முதல் ஆளா கண்டிப்பா ஆடுற ஒருத்தர வச்சுக்கோங்க.